பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணியில், பதிவேடு என்றால் என்னவென்று எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. பட்டு நெசவே இவ்வூரின் உயிர். அந்த நெசவைச் சுற்றியே சங்கங்களும் பட்டியல்களும் வளர்ந்திருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராகப் பெயர் எழுதப்பட்ட நெசவாளருக்குச் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம், ஓய்வூதியம் போன்றவற்றைப் பெற வழி உண்டு. அதே தெருவில், அதே போன்ற குழித்தறியில் அமர்ந்து, அதே பட்டையும் சரிகையையும் நெய்தாலும், எந்தப் பட்டியலிலும் பெயரில்லாத கூலி நெசவாளருக்கு அந்த வழி எளிதில் திறப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே நூல் சுற்றித் தரும் பெண்ணின் உழைப்போ பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. உழைப்பு ஒன்றுதான், எழுதப்பட்டதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

அரசின் நலத்திட்டங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். பின்தங்கிய சமூகங்களுக்கான பட்டியல் ஒன்று, மாற்றுத்திறனாளிகளுக்கான பட்டியல் மற்றொன்று. இவ்விரண்டின் முன்னும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பல தயங்கி நிற்பதைக் காண்கிறோம். முதலாவதன் முன், "நாம் முஸ்லிம்கள், நமக்கேது சாதி?" என்ற கேள்வி எழுகிறது. இரண்டாவதன் முன், "வீட்டுப் பிள்ளையின் குறையை ஊரறியச் செய்வதா?" என்ற கூச்சம் எழுகிறது. இந்தத் தயக்கங்களுக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திவான் என்னும் முதல் ஏடு

தேவையுடையோரையும் உரிமையுடையோரையும் பெயர் எழுதிக் கணக்கு வைக்கும் வழக்கம் மேற்கிலிருந்து நமக்கு வந்தது என்று எண்ணுவோர் உண்டு. இஸ்லாமிய வரலாற்றில் அதற்குத் தெளிவான முன்மாதிரி இருக்கிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சிக் காலத்தில் (கி.பி. 634–644) 'திவான்' என்னும் பெயரேட்டை ஏற்படுத்தினார்கள். பைத்துல்மாலில் சேர்ந்த செல்வத்தை யார் யாருக்கு எவ்வளவு வழங்குவது என்பதற்கான ஏடு அது. குலமரபுகளை நன்கறிந்த அகீல் இப்னு அபீதாலிப் (ரலி) போன்றோரிடம் அதனைத் தொகுக்கும் பொறுப்பு அளிக்கப்பட்டது. பெயர்கள் கோத்திர வாரியாக எழுதப்பட்டன.

குலப் பெருமையைக் காலடியில் இட்டு மிதித்த மார்க்கம் இது. அம்மார்க்கத்தின் கலீஃபாவே ஏட்டை வகைப்படுத்தக் கோத்திரப் பெயர்களைப் பயன்படுத்தினார் என்பது சிந்திக்கத் தக்கது. கோத்திரம் இறைவனிடத்தில் உயர்வைத் தராது; ஆயினும் மக்களை அடையாளங்காண அது உதவும். மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தை 'அல்ஹுஜுராத்' அத்தியாயத்தில் காண்கிறோம். அறிவதற்கான அடையாளம் வேறு, ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் அடையாளம் வேறு. முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள் அனைவருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். உமர் (ரலி) அவர்களோ இஸ்லாத்தை முதலில் ஏற்றவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை அளித்தார்கள். எது நீதி என்ற விவாதம் அன்றே தொடங்கிவிட்டது.

அந்த ஏட்டின் விதிகள் தவறும்போது திருத்தப்பட்டன என்பதற்கும் சான்று உண்டு. பால்குடி மறந்த குழந்தைக்கே உதவித்தொகை என்று முதலில் விதி இருந்தது. தொகையை விரைவில் பெறுவதற்காகத் தாய் ஒருவர் குழந்தையின் பாலை முன்கூட்டியே நிறுத்த முயல்வதையும், அக்குழந்தை இரவெல்லாம் அழுவதையும் உமர் (ரலி) அவர்கள் அறிந்தார்கள். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டு என விதியை மாற்றினார்கள். பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் கையேந்தி நிற்பதைக் கண்டு, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து கொடுக்க ஆணையிட்ட நிகழ்ச்சியை இமாம் அபூயூசுஃப் தமது 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்திருக்கிறார். இளமையில் வரி வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அந்த ஆணையின் உட்பொருள்.

பின்னர் உமையா கலீஃபா அல்வலீத் (ஆட்சி: கி.பி. 705–715) தொழுநோயாளர்கள் இரந்து வாழாதபடி உதவித்தொகை அளித்தார், நடக்க இயலாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் ஏற்பாடு செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஆக, அரசின் உதவியைப் பெறுவது பிச்சை ஏற்பதாகாது. அனைவரும் செலுத்தும் வரியிலிருந்து அனைவருக்கும் உரிய பங்கு அது.

சென்னை மாகாணத்தின் பட்டியல்கள்

ஆரணி அன்று வட ஆர்க்காட்டுச் சீமையைச் சேர்ந்தது. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி மறைந்து ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்ற பின்னர், பாரசீகம் அறிந்தவர்களுக்கு அரசு அலுவலகங்களில் இருந்த இடம் சுருங்கியது. ஆங்கிலக் கல்வியில் முஸ்லிம்கள் பின்தங்கினர். 1882-ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழு, முஸ்லிம்களின் கல்விக்குத் தனிக் கவனமும் பொது நிதியும் வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

அடுத்த பெரிய மாற்றம் நீதிக்கட்சியின் காலத்தில் நிகழ்ந்தது. 1921-இல் முதல் வகுப்புவாரி ஆணை பிறந்தது. 1928-இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியாரின் முயற்சியால் அது முறையாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு 12 அரசுப் பணியிடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என இடங்கள் பிரிக்கப்பட்டன. 1947-இல் இது 14 இடங்களாக மாற்றியமைக்கப்பட்டபோது முஸ்லிம்களின் பங்கு 1 ஆயிற்று.

நாடு குடியரசான பின்னர் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி ஆணை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தமிழகத்தில் தந்தை பெரியார் உள்ளிட்டோர் நடத்திய போராட்டங்களின் விளைவாக, அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. ஆனால் முஸ்லிம்கள் என்ற பெயரில் இருந்த தனிப்பங்கு மறைந்தது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்ற லெப்பை போன்ற பிரிவினர் மட்டும் மற்ற வகுப்பினரோடு ஒரே தொகுப்பில் போட்டியிட்டனர்.

சட்டநாதன் ஆணையமும் (1969–70) அம்பாசங்கர் ஆணையமும் (1982–85) அந்தப் பட்டியலை ஆராய்ந்தன. 1980-இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்ந்தது. 1989-இல் அதிலிருந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு தனியே பிரிக்கப்பட்டது. பொதுத் தொகுப்பில் வலியவர் முந்துவர், எளியவர் பின்தங்குவர் என்ற அனுபவமே இப்பிரிவினைக்குக் காரணம். அதே அனுபவம் முஸ்லிம்களுக்கும் இருந்தது.

ஏழு பெயர்கள்

2006-இல் வெளிவந்த நீதிபதி இராஜிந்தர் சச்சார் குழுவின் அறிக்கை, இந்திய முஸ்லிம்கள் கல்வியிலும் அரசுப் பணியிலும் எவ்வளவு பின்தங்கியுள்ளனர் என்பதைப் புள்ளிவிவரங்களோடு நாட்டின் முன் வைத்தது. தமிழ்நாட்டில் முஸ்லிம் அமைப்புகளின் நெடுங்காலக் கோரிக்கையை ஏற்று, 2007-இல் மு. கருணாநிதி தலைமையிலான அரசு முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கியது. பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்தே அது பிரித்தளிக்கப்பட்டது. கிறித்தவர்களுக்கும் அவ்வாறே வழங்கப்பட்டது. தங்களுக்கு அது பயன்தரவில்லை என்று அவர்கள் 2008-இல் பொதுத் தொகுப்புக்கே திரும்பிவிட்டனர்.

இந்த ஒதுக்கீடு எல்லா முஸ்லிம்களுக்கும் பொதுவாக அமையவில்லை. அன்சார், தக்காணி முஸ்லிம், தூதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்னும் ஏழு பிரிவுகளுக்கு உரியது அது. தூதேகுலா என்பது பஞ்சு கொட்டும் தொழிலோடு பிணைந்த பெயர். அன்சார் என்பது வட இந்தியாவில் நெசவாளர் சமூகத்தைக் குறித்து வழங்குவது. நெசவுத் தறிகளின் ஊரில் வாழும் நமக்கு இப்பெயர்களின் பொருள் எளிதில் விளங்கும். பட்டியல் குறிக்க விரும்புவது தொழிலையும் அத்தொழில் தந்த வறுமையையும்தான். மார்க்கத்தில் ஒருவருடைய தகுதியைக் குறிப்பது அதன் நோக்கமன்று.

"நமக்கேது சாதி?" என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. சான்றிதழில் 'லெப்பை' என்றோ 'தக்காணி' என்றோ எழுதிக்கொள்வதால் ஈமானுக்குக் குறை வந்துவிடாது. திவானிலும் கோத்திரப் பெயர்கள் இருந்தன. குறை வருவது வேறோர் இடத்தில். சான்றிதழ் வாங்கும்போது மட்டும் சாதி இல்லை என்று வாதிடும் நாம், நிக்காஹ் பேசும்போது "அவர்கள் யார்? உருதுவா, தமிழா? எந்த வகை?" என்று கேட்கிறோம். இஸ்லாம் ஒழிக்க விரும்பியது இந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

இடையில் நிற்பவர்கள்

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர் என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இன்றளவும் சேர்க்கப்படவில்லை. தீண்டாமையின் கொடுமையிலிருந்து விடுதலை தேடி இஸ்லாத்திற்கு வந்தவர்கள் அந்தப் பட்டியலின் பாதுகாப்பை இழந்தனர். 1981-இல் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் பெருந்திரளாக இஸ்லாத்தை ஏற்ற ஒடுக்கப்பட்ட மக்களின் செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அவர்கள் இழந்த சலுகைகளைப் பற்றிப் பேசியவர்களோ மிகச் சிலரே.

நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல், பட்டியல் சாதித் தகுதியை மதத்தோடு பிணைக்கக் கூடாது எனப் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2022-இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இஸ்லாத்தை ஏற்ற பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின, ஆதிதிராவிட வகுப்பினரைப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களாகக் கருத வழிசெய்யும் ஆணையை மாநில அரசு 2024 மார்ச் மாதத்தில் வெளியிட்டது. இவ்வினா நீதிமன்றங்களிலும் தொடர்ந்து விவாதிக்கப்பட்டே வருகிறது. புதிதாக வந்த சகோதரருக்கு அரசு ஏட்டில் இடம் கிடைக்கும் வரையிலாவது, நம் ஜமாஅத்தின் ஏட்டிலும் நம் வீட்டு விருந்திலும் அவருக்கு இடம் இருக்கிறதா என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எண்ணப்படாத உடல்கள்

சாதியைப் போலவே உடற்குறையையும் ஆங்கிலேயர் காலக் கணக்கெடுப்புகள் எண்ணின. 1881 முதல் 1931 வரை ஒவ்வொரு பத்தாண்டிலும் பார்வையற்றோர், செவியும் பேச்சும் அற்றோர், மனநலம் பாதிக்கப்பட்டோர், தொழுநோயாளர் ஆகியோர் தனியே கணக்கிடப்பட்டனர். 1931-க்குப் பிறகு சாதிக் கணக்கும் நின்றது. உடற்குறைக் கணக்கும் நின்றது. உலக ஊனமுற்றோர் ஆண்டான 1981-இல் உடற்குறை பற்றிய கேள்வி மீண்டும் இடம்பெற்றது, 1991-இல் விடுபட்டது, 2001 முதல் மறுபடி கேட்கப்படுகிறது.

எண்ணிக்கை நின்ற காலத்திலும் தொண்டு நின்றுவிடவில்லை. பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் கிறித்தவத் தொண்டர்கள் பள்ளிகளை நிறுவிவிட்டனர். ஆரணிக்கு அண்மையில் உள்ள வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து மீண்டும் உழைக்கும் கைகளாக்கினார். 1954-இல் விபத்தில் சிக்கி இரு கால்களின் செயல்பாட்டையும் இழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாக அவரே காரணமானார்.

தமிழக அரசு 1962-இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகையைத் தொடங்கியது. 1974-இல் ஆதரவற்ற ஊனமுற்றோருக்கும் தனி உதவித்தொகை வந்தது. கருணையாக இருந்த அது உரிமையாக மாறியது 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். அரசுப் பணியில் 3 விழுக்காடு இடங்களை அச்சட்டம் ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தியது; உயர்கல்வியில் 5 விழுக்காடு இடமும் தந்தது. குறைபாடுகளின் பட்டியல் 7-லிருந்து 21 ஆக விரிந்தது. தலசீமியா, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, நடுக்குவாதம் ஆகியவையும் இன்று அதில் அடங்கும். தமிழ்நாட்டில் 'ஊனமுற்றோர்' என்ற சொல் விலக்கப்பட்டு 'மாற்றுத்திறனாளி' என்பது ஆட்சிச் சொல்லாயிற்று. கடும் பாதிப்புடையோருக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023 முதல் மாதம் 2,000 ரூபாயாக உள்ளது.

ஆயினும் 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அதாவது மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் உலக மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு குறைபாடு உண்டு என மதிப்பிட்டது. குறைபாடு என்பதற்கு இரு கணக்குகளும் கொள்ளும் பொருள் வேறு என்பது உண்மையே. இருப்பினும், கதவைத் தட்டிக் கேட்டவரிடம் வீட்டார் சொல்லாமல் விட்ட பெயர்களும் இந்த இடைவெளிக்குள் இருக்கின்றன.

பாவும் ஊடையும்

இட ஒதுக்கீட்டில் இரு வகை உண்டு என்று 1992-ஆம் ஆண்டின் இந்திரா சஹானி தீர்ப்பு விளக்கியது. சமூகப் பிரிவுகளுக்கானது செங்குத்தானது. மாற்றுத்திறனாளிகளுக்கானது அதன் குறுக்கே செல்வது. ஆரணியில் இதனைச் சொல்வது எளிது. ஒன்று பாவு, மற்றொன்று ஊடை. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த, காது கேளாத ஒரு மகளுக்கு இரண்டும் உண்டு. ஆனால் சமூகச் சான்றிதழ் மட்டும் இருந்து மருத்துவச் சான்று இல்லையென்றால், அல்லது மருத்துவச் சான்று மட்டும் இருந்து சமூகச் சான்றிதழ் இல்லையென்றால், ஓர் இழையை மட்டும் வைத்துக்கொண்டு சேலை நெய்ய முனைந்தது போலாகும்.

அந்த மகளின் பெயர் ஏன் எழுதப்படுவதில்லை? அவளுடைய தங்கைக்கு வரன் அமையாது என்ற அச்சம் ஒரு காரணம். அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் நிறுத்தி நூற்றுக்கு எத்தனை பாதிப்பு என்று அளக்கச் செய்வதில் உள்ள மனவருத்தம் இன்னொரு காரணம். குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு இருந்தால்தான் பல உரிமைகள் கிடைக்கும் என்பதால் அந்த அளவீட்டைத் தவிர்க்கவும் முடியாது. பெற்றோரின் வேதனை பொய்யானதன்று. அதனை ஏளனம் செய்யும் உரிமை யாருக்கும் இல்லை.

எனினும் நம் முன் ஒரு சரித்திரம் இருக்கிறது. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. நபி (ஸல்) அவர்கள் அவரை வீட்டிற்குள் மறைத்து வைக்கச் சொல்லவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தாம் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது, நகரின் பொறுப்பையே பலமுறை அவரிடம் ஒப்படைத்தார்கள். தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025-இல்தான் சட்டம் இயற்றப்பட்டது. மதீனாவில் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு பார்வையற்றவர் ஊரின் பொறுப்பில் அமர்ந்திருந்தார். அந்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம் நம் பிள்ளையை உள்ளறையில் மறைப்பது எவ்வாறு பொருந்தும்?

இதில் ஜமாஅத்தின் கடமை பெரிது. மஹல்லாவில் எத்தனை வீடுகள், எத்தனை சந்தா என்று கணக்கு வைக்கும் நிர்வாகங்கள், எத்தனை மாற்றுத்திறனாளிகள், அவர்களில் தனித்துவ அடையாள அட்டை பெற்றோர் எத்தனை பேர் என்பதையும் ஓர் ஏட்டில் எழுதலாம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் படித்த இளைஞர்கள் உதவலாம். சக்கர நாற்காலியில் வருபவர் ஏறுவதற்குச் சாய்தளமும், அமர்ந்து ஒளூச் செய்ய இடமும் இல்லாத பள்ளிவாசல்களில் அவற்றை அமைக்கலாம். மாவட்டங்களில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களுக்கு நாம் திரட்டித் தரும் நன்கொடைக்கு அரசு இணை மானியம் தருகிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. ஸகாத்தும் அரசுத் திட்டமும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல; அரசின் பட்டியலில் இடம் கிடைக்காதவரைத் தேடிச் செல்வதே ஸகாத்துக்கு உரிய வேலை. அதே சமயம், தமக்கு உரியதல்லாத சான்றிதழைப் பெறுவது உரியவரின் பங்கை அபகரிப்பதாகும் என்பதையும் மறக்கலாகாது.

2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் எண்ணப்படும் என ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. கணக்கெடுப்பாளர் நம் வாசலுக்கும் வருவார். நம் சமூகப் பிரிவின் பெயரைக் கேட்டால் சான்றிதழில் உள்ளபடியே சொல்வோம். வீட்டில் மாற்றுத்திறனாளி உண்டா என்று கேட்டால் ஒருவர் பெயரையும் விடாமல் சொல்வோம். சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது நமக்கு இடப்பட்ட கட்டளை. நாம் மறைக்கும் ஒவ்வொரு பெயரும் அடுத்த பத்தாண்டுகளின் திட்டங்களில் ஓர் இடத்தைக் குறைத்துவிடும்.

பலவீனர்களைப் பொருட்டே இந்தச் சமுதாயம் உதவி செய்யப்படுகிறது என்பதை உணர்ந்து, அவர்களின் உரிமையை நிறைவேற்றும் மக்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.